பச்சை விளக்கு பொய் சொல்லக் கூடாது: சின்ன சிஎன்சி மெஷின் கேள்வி பதில்

வீட்டிலும் சிறு பட்டறையிலும் சின்ன சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி நகர்ந்து செதுக்கும் மெஷின்) ஓட்டுகிற வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா, மாட்டிக்கொண்டதா என்று தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி விளக்கு வைப்பது எப்படி என்பதுதான் அது. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சார், என்னிடம் 3018 வகை மெஷின் இருக்கிறது. போர்டு பழுதானபிறகு ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டும் அதன்மேல் உட்காரும் சிஎன்சி ஷீல்டும் போட்டு, மெஷினை நகர்த்தும் ஜிஆர்பிஎல் 1.1 புரோகிராமை ஏற்றி ஓட்டுகிறேன். தேக்குப் பலகையில் பெயர் செதுக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதுவரை பக்கத்து அறையில் வேறு வேலை பார்க்க வேண்டும். பெரிய கம்பெனி மெஷின்களின் தலையில் மூன்று கலரில் விளக்கு இருக்குமே, அதை இதில் வைக்க முடியுமா? போர்டில் எந்தப் பின்னிலிருந்து ஒயர் எடுப்பது? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்தப் பின்னிலிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பலரும் முதலில் பிடிக்கிற வழி கூலண்ட் பின், அதாவது கட்டரைக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்து மூடுவதற்கான பின். நம் சின்ன மெஷினில் கூலண்ட் தண்ணீர் ஏது? அந்தப் பின் சும்மாதான் கிடக்கிறது. யூனோவில் ஏ3, ஷீல்டில் அதற்கே தனி இடம் உண்டு. மெஷினுக்கான கட்டளை வரிகளின் (ஜி-கோட்) தொடக்கத்தில் எம்8 என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பின் உயிர் பெறும், முடிவில் எம்9 அல்லது எம்30 வந்தால் அணையும். ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பச்சை விளக்கைக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், புரோகிராம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

நானும் முதலில் இதைத்தான் செய்தேன். ஒரு நண்பரின் புதுமனைக்குப் பெயர்ப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை அணைந்திருக்கிறது. சரி, முடிந்துவிட்டது என்று கிளாம்பைக் கழற்றிப் பலகையை எடுத்துவிட்டேன். கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கடைசி இரண்டு எழுத்து செதுக்காமலே நிற்பது தெரிந்தது. நடுவில், எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட் சுவிட்ச் தட்டுப்பட்டு, மெஷின் அலாரம் என்கிற பூட்டிய நிலைக்குப் போயிருக்கிறது. அலாரம் வந்தால் ஜிஆர்பிஎல் கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலையும் கூலண்டையும் நிறுத்திவிடும், விளக்கும் கூடவே அணையும். கழற்றிய பலகையைப் பழைய இடத்தில் முடி அளவுகூட மாறாமல் திருப்பி வைப்பது நடக்காத காரியம். அந்தத் தேக்குப் பலகை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் நடுவில் ஹோல்ட் போட்டு நிறுத்தினால் கூலண்ட் பின் அணையாது, ஏனென்றால் நிஜக் கூலண்டாக இருந்தால் அது அணையக் கூடாது. ஆக மெஷின் நின்றுகொண்டிருக்கும்போது பச்சை எரியும், அலாரத்தில் மாட்டிக்கொண்டால் வேலை முடிந்த மாதிரி அணையும். அந்த விளக்கு எம்8 என்று நாம் சொன்னதைத்தான் காட்டுகிறது, மெஷின் என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சரியான வழி மெஷினிடமே கேட்பது. கம்ப்யூட்டரில் நீங்கள் யூனிவர்சல் ஜி-கோட் செண்டர் (Sender), கேண்டில் என்று எந்தப் புரோகிராமை வைத்து ஓட்டினாலும், அது நொடிக்குச் சில தடவை போர்டுக்கு ஒரு கேள்விக்குறியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் ஜிஆர்பிஎல் ஒரு வரி பதில் தரும். அந்த வரி கோண அடைப்புக்குறியில் தொடங்கும், அதை ஒட்டி வரும் முதல் சொல்தான் நிலை: ஐடில், ரன், ஹோல்ட், ஜாக், ஹோம், அலாரம், டோர், செக், ஸ்லீப். பிறகு ஒரு செங்குத்துக் கோடு, அதற்கப்புறம் எங்கே நிற்கிறது, என்ன வேகம் என்பதெல்லாம் வரும். இந்தப் பேச்சு முழுவதும் யூனோவின் டி1 பின்னில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது காதை வைத்துக் கேட்பது மட்டும்.

ஒரு ஆர்டுயினோ நானோ வாங்குங்கள். யூனோவின் டி1 பின்னிலிருந்து நானோவின் டி0 பின்னுக்கு ஒரு ஒயர், கிரவுண்டுக்கு ஒன்று, தனி 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒன்று, மொத்தம் மூன்றே ஒயர் (யூனோவின் 5 வோல்ட்டை எடுத்தால், யுஎஸ்பி கழன்றதும் நானோவும் சேர்ந்து அணைந்துவிடும்). நானோவிலிருந்து யூனோவுக்கு எதுவும் போகக் கூடாது, அது கேட்க மட்டும் செய்யட்டும், அப்போதுதான் நீங்கள் எழுதும் புரோகிராமில் பிழை இருந்தாலும் மெஷினைத் தொந்தரவு செய்யாது. பேச்சின் வேகம் (பாட் ரேட்) 115200. இந்த வேகத்தில், வேறு பின்னில் கேட்க உதவும் சாஃப்ட்வேர் சீரியல் எழுத்தை விழுங்கும், அதனால் டி0 பின்னையே பயன்படுத்துங்கள். நானோவுக்குப் புரோகிராம் ஏற்றும் நேரத்தில் மட்டும் அந்த ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏறாது.

நானோவின் வேலை மிக எளிது. அடைப்புக்குறி வந்ததும் அடுத்த மூன்று எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏன் மூன்று என்றால், ஆங்கில எழுத்தில் ஹோல்டுக்கும் ஹோமுக்கும் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றேதான், மூன்றாவதில்தான் பிரியும். நான் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டு, ஹோமிங் (மெஷின் தன் தொடக்க மூலையைத் தேடிப் போவது) போகும்போதெல்லாம் மஞ்சள் எரிகிறதே என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன். அப்புறம், அலாரம் வந்த நொடியில் அது தனி வரியாக, பக்கத்தில் ஓர் எண்ணோடு ஒருமுறை வரும். 1 என்றால் லிமிட் சுவிட்ச், 2 என்றால் சாஃப்ட் லிமிட் (செட்டிங்கில் வைத்த எல்லையைத் தாண்டச் சொன்னது), 3 என்றால் ஓடும்போதே ரீசெட் செய்தது. இந்தத் தனி வரியையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லிமிட் அலாரத்தில் ரீசெட் செய்யும்வரை மெஷின் வேறு எதுவும் பேசாமல் இருந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, இரண்டு நொடி எந்தப் பேச்சும் வராவிட்டால் என்ன காட்டுவது என்பது. கம்ப்யூட்டர் தூங்கிப் போயிருக்கலாம், யுஎஸ்பி கேபிள் ஆட்டத்தில் கழன்றிருக்கலாம். அப்போது நானோ கடைசியாகக் கேட்ட 'ரன்' என்பதையே பிடித்துக்கொண்டு பச்சையைக் காட்டிக்கொண்டிருந்தால் அதைப் போல ஏமாற்று வேறில்லை. இரண்டு நொடி மௌனம் என்றால் பச்சையை அணைத்துவிட்டு மஞ்சளை வேகமாகச் சிமிட்ட வைத்துவிடுங்கள். 'எனக்கு எதுவும் தெரியவில்லை, வந்து பார்' என்று அர்த்தம்.

கேள்வி: 24 வோல்ட் டவர் லைட் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆர்டுயினோ பின் 5 வோல்ட்தானே, எப்படி இணைப்பது? ரிலே போர்டு போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ரிலே போடலாம், ஆனால் தேவையில்லை. யூஎல்என்2003 என்று ஒரு ஐசி, எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், சல்லிசான விலை. அதற்குள் ஏழு டிரான்சிஸ்டர் ஜோடிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 50 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். நானோ பின்னை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக அதன் 1 முதல் 7 வரையுள்ள கால்களில் கொடுக்கலாம். 8ஆம் கால் கிரவுண்ட், 9ஆம் காலை 24 வோல்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கக் கால்களிலிருந்து விளக்கின் மூன்று கலர் ஒயர்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஐசி விளக்கின் மைனஸ் பக்கத்தைத்தான் இழுக்கும். அதனால் உங்கள் டவர் லைட்டின் பொது ஒயர் பிளஸ்ஸாக இருக்க வேண்டும். பழைய பல்பு போட்ட டவர் என்றால் எப்படி மாட்டினாலும் எரியும். எல்இடி டவர் என்றால் முதலில் 24 வோல்ட்டில் பொது ஒயரைப் பிளஸ்ஸில் வைத்துத் தொட்டுப் பாருங்கள், எரிந்தால் சரி. பொது ஒயர் மைனஸ் வகை என்றால் இந்த ஐசி ஆகாது, அங்கே ரிலேதான் சுலபம்.

டவர் இல்லாமல் சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடியை 24 வோல்ட்டில் எரிக்க வேண்டுமென்றால் கணக்கு இதுதான். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுக்கும், மிச்சம் 22. அதை 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 2200 ஓம். அந்த ரெசிஸ்டரில் 0.22 வாட் வெப்பமாகப் போகும், கால் வாட் ரெசிஸ்டர் விளிம்பில் நிற்கும், அதனால் அரை வாட் போடுங்கள். 5 வோல்ட்டிலேயே எரிப்பதென்றால் 330 ஓம் போதும்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் விஎம்சி (பெரிய சிஎன்சி மில்லிங் மெஷின்) ஆபரேட்டர். வீட்டில் சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர் கட்டியிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு மெஷினில் வேலை முடிந்தால் மஞ்சள், இன்னொன்றில் முடிந்தால் பச்சை சிமிட்டும், எதை வைத்துக்கொள்வது? ஆன் செய்ததும் என் மெஷினில் சிவப்பு எரிகிறது, அது சரியா? (வாசகர், ஓசூர்)

பதில்: மெஷின்களின் மின் அமைப்புக்கான ஐஇசி 60204-1 என்ற தரத்தில் இதற்கு ஒழுங்கு இருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலை, பச்சை எல்லாம் சரி, நீலம் ஆபரேட்டர் ஏதோ செய்தாக வேண்டும், வெள்ளை பொதுவான தகவல். அடுக்கும்போது மேலே சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை என்று வரும். ஆனால் 'வேலை முடிந்தது' என்பதை எந்தக் கலரில் காட்டுவது என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி அவரவர் வசதிப்படிதான் வைத்திருக்கிறார்கள், நீங்கள் பார்த்த குழப்பம் அதனால்தான்.

என் மெஷினில் ரன் என்றால் பச்சை நிலையாக எரியும். வேலை முடிந்து ஐடில் ஆனால் பச்சை மெதுவாகச் சிமிட்டும், ஆனால் உடனே இல்லை, ஐடில் தொடர்ந்து மூன்று நொடி இருந்த பிறகுதான், ஏனென்றால் ஜி4 காத்திருப்பு மாதிரி இடங்களில் ஐடில் ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போகலாம். ஹோல்ட் என்றால் மஞ்சள். இதில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். ஹோல்டுக்குப் பக்கத்தில் 1 என்று வந்தால் மெஷின் இன்னும் வேகம் குறைந்துகொண்டிருக்கிறது, 0 என்று வந்தால் முழுசாக நின்றுவிட்டது. 1 வந்துகொண்டிருக்கும்வரை சிமிட்டவும் 0 வந்ததும் நிலையாக எரியவும் வைத்தால், அச்சுகள் நின்றுவிட்டதா என்று விளக்கைப் பார்த்தே சொல்லலாம். ஸ்பிண்டில் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கையை நீட்டிவிடாதீர்கள்.

ஆன் செய்ததும் சிவப்பு வருவது, ஹோமிங் போட்டிருப்பதால். டாலர் 22 ($22) என்ற ஜிஆர்பிஎல் செட்டிங் 1 ஆக இருந்தால், ஹோம் போகும்வரை ஜிஆர்பிஎல் தன்னை அலாரத்தில்தான் பூட்டி வைக்கும். பழுது எதுவும் இல்லை. ஆனால் தினமும் காலையில் சும்மா சிவப்பைப் பார்த்துப் பழகிவிட்டால் நிஜமாகச் சிவப்பு வரும் நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும், அது எனக்குப் பிடிக்காது. அதனால் நானோவில் ஒரு சின்ன வித்தியாசம் செய்துகொள்ளுங்கள்: எண்ணோடு கூடிய அலாரம் வரி வந்தால் மட்டும் சிவப்பு, அந்த வரி வராமல் வெறும் அலாரம் நிலை மட்டும் என்றால் நீலமோ மஞ்சளோ, 'ஹோம் போ' என்று சொல்கிற மாதிரி.

இன்னொன்று. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பல பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் மெஷினை வேறு யாரும் ஓட்டுவார்கள் என்றால் ஒற்றை எல்இடியில் கலர் மாறுகிற அமைப்பை வைக்காதீர்கள். மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று இடத்தை வைத்தே தெரிய வேண்டும்.

கேள்வி: விளக்கு வைத்ததிலிருந்து மெஷின் நடுவில் நடுவில் லிமிட் அலாரம் அடிக்கிறது. சுவிட்சை எதுவும் தொடவில்லை. விளக்கைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. நான் ரிலே வைத்து இணைத்திருக்கிறேன். (வாசகர், மதுரை)

பதில்: மூன்று இடத்தைப் பாருங்கள், இந்த வரிசையிலேயே.

முதலில் ரிலே காயில். காயிலில் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது எதிர்ப்பக்கமாக ஒரு பெரிய வோல்டேஜை உதறும். காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில் இருக்கிற மாதிரி. ரெடிமேட் ரிலே போர்டில் இது ஏற்கெனவே இருக்கும், நீங்களே கட்டியதென்றால் விட்டுப் போயிருக்கலாம்.

அடுத்தது கிரவுண்ட் ஒயர். கடிதத்தோடு அனுப்பியிருக்கும் படத்தில் விளக்கின் மைனஸ் ஒயரை லிமிட் சுவிட்சின் கிரவுண்ட் முள்ளிலேயே செருகியிருக்கிறீர்கள், பக்கத்தில் இருக்கிறதே என்று. எனக்குச் சந்தேகம் இங்கேதான். விளக்கின் மின்சாரம் அந்த மெல்லிய ஒயர் வழியாகத் திரும்பும்போது சுவிட்சின் கிரவுண்ட் கொஞ்சம் எழும்பும், எரியும்போதும் அணையும்போதும் துள்ளும். விளக்கின் மைனஸ் நேராக 24 வோல்ட் சப்ளையின் மைனஸ் ஸ்குரூவுக்கே போகட்டும்.

மூன்றாவது, லிமிட் ஒயரே நோஞ்சானாக இருப்பது. யூனோவுக்குள், பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரைதான், அது மிகவும் பலவீனம், பக்கத்தில் ஸ்பிண்டில் ஒயர் ஓடினாலே ஆடிப்போகும். வெளியே 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். விளக்கு ஒயரையும் லிமிட் ஒயரையும் ஒரே கேபிள் செயினில் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். முடிந்தால் சுவிட்சைத் திறந்த நிலையிலிருந்து (தட்டினால் இணைவது) மூடிய நிலை வகைக்கு (தட்டினால் பிரிவது) மாற்றி, டாலர் 5 செட்டிங்கை 1 ஆக்கிவிடுங்கள், ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும், அது நல்லது.

கேள்வி: டவருக்குப் பதிலாக கலர் மாறும் எல்இடி பட்டை, டபிள்யூஎஸ்2812 வகை, மெஷின் ஃபிரேமைச் சுற்றி ஒட்டினால் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். யூனோவிலேயே ஓட்ட முடியுமா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: யூனோவில் வேண்டாம். ஜிஆர்பிஎல் அதன் 32 கிலோபைட் இடத்தை ஏறக்குறைய நிரப்பிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. தவிர, இந்தப் பட்டைக்குத் தகவல் அனுப்பும்போது சிப் மற்ற எல்லா இன்டரப்டையும் (நடுவே வரும் அவசர வேலை அழைப்புகளை) மூடிவிட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் மோட்டாரை அடியடியாக நகர்த்தும் ஸ்டெப் பல்ஸ் போகாது, மோட்டார் தடுமாறும்.

நானோவில் ஓட்டலாம், ஆனால் அங்கேயும் இதே விஷயம் வேறு விதமாகக் கடிக்கும். ஒரு எல்இடிக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ நொடி, ஆக 30 மைக்ரோ நொடி. 115200 வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர 87 மைக்ரோ நொடி. 60 எல்இடி பட்டை என்றால் 1800 மைக்ரோ நொடி காது மூடியிருக்கும், அதற்குள் இருபது எழுத்து வந்து போய்விடும், நிலைச் சொல்லே அதில் தொலையலாம். அதனால் ஒரு வரியை முழுசாக வாங்கி முடித்த பிறகு, நிலை மாறியிருந்தால் மட்டும் பட்டைக்கு அனுப்புங்கள். ஓடும் மழை மாதிரி அனிமேஷன் எல்லாம் வேண்டாம். மின்சாரக் கணக்கையும் பாருங்கள்: ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 60 எல்இடிக்கு 3.6 ஆம்பியர். யூனோவின் 5 வோல்ட் பின் அதைத் தாங்காது, தனி சப்ளை வேண்டும்.

கேள்வி: எமர்ஜென்சி சுவிட்சை அழுத்தினால் சிவப்பு எரிய வேண்டும் என்று செய்தேன். ஆனால் அழுத்தினால் விளக்கு எல்லாமே அணைந்துவிடுகிறது. இன்னொரு தடவை மோட்டார் நின்ற பிறகும் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டுமே ஆபத்தான நிலை, இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். முதல் கோளாறு, விளக்குக்கான 24 வோல்ட்டையும் மோட்டாருக்கான 24 வோல்ட்டையும் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருக்கிறீர்கள். மோட்டார் சப்ளை வெட்டுப்படும்போது விளக்கும் சேர்ந்து சாகிறது. விளக்குக்குச் சுவிட்சுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கம். மோட்டாரின் 24 வோல்ட் போனாலும் யூனோ யுஎஸ்பியில் உயிரோடு இருக்கிறது. அதற்கு எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு ஸ்டெப் கொடுத்துக்கொண்டு 'ரன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நானோ அதைக் கேட்டுப் பச்சையைக் காட்டும். மெஷினிடமே கேட்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னேனே, அங்கேயும் இப்படி ஒரு ஓட்டை உண்டு.

காளான் சுவிட்சில், அதாவது அந்த எமர்ஜென்சி சுவிட்சில், பின்னால் கான்டாக்ட் பிளாக் கூடுதலாகச் சேர்க்கலாம், மூன்று போடுங்கள். மூடிய வகை (அழுத்தினால் பிரிவது) ஒன்று, மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் வெட்ட. 24 வோல்ட் பக்கமே வெட்டுங்கள், 230 வோல்ட் பக்கம் வெட்டினால் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஒரு கணம் ஓட்டும், மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அந்த கான்டாக்ட் டிசியில் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். திறந்த வகை (அழுத்தினால் சேர்வது) ஒன்று, யூனோவின் ஏ0 பின்னைக் கிரவுண்டோடு சேர்க்க, அது ரீசெட், மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் ஜிஆர்பிஎல் உடனே அலாரத்துக்குப் போய்விடும். திறந்த வகை இன்னொன்று, சிவப்பு விளக்கின் மைனஸ் ஒயரை நேராகக் கிரவுண்டுக்கு இழுக்க. யூஎல்என்2003 இழுக்கும் அதே ஒயரில்தான் இதையும் சேர்க்கலாம், ஒன்றுக்கொன்று சண்டை வராது. இப்படிச் செய்தால் நானோ செத்துப்போயிருந்தாலும், கம்ப்யூட்டர் உறைந்துபோயிருந்தாலும், சுவிட்சை அழுத்தினால் சிவப்பு எரிந்தே தீரும். ஏ0 மட்டும் போதும், மோட்டாரை வெட்ட வேண்டாம் என்று சிலர் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ரீசெட் என்பது சிப்பிடம் கேட்டுக்கொள்வதுதான்.

கேள்வி: ஜிஆர்பிஎல் இல்லாமல், கம்ப்யூட்டரிலேயே ஓடும் லினக்ஸ் சிஎன்சி புரோகிராமில் இயங்கும் மெஷினுக்கு? (வாசகர், சென்னை)

பதில்: உங்களுக்கு வேலை சுலபம், நானோ வேண்டாம். சிக்னல்களை ஒன்றோடொன்று இணைக்கும் அதன் ஹால் (HAL) அமைப்பில் புரோகிராம் ஓடுகிறதா, நிறுத்தி வைத்திருக்கிறதா, மெஷின் ஆனில் இருக்கிறதா, எமர்ஜென்சி அழுத்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனி சிக்னல் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொன்றையும் பேரலல் போர்ட்டில் மிச்சமிருக்கும் ஒரு வெளியீட்டுப் பின்னோடு ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டால் போதும். பேரலல் போர்ட் பின் சில மில்லி ஆம்பியர்தான் தரும், அங்கேயும் யூஎல்என்2003 வழியாகவே விளக்குக்குப் போங்கள்.

கேள்வி: நான் வீட்டிலேயே கோலப் பலகையும் பூஜை அறைப் பெயர்ப் பலகையும் செதுக்கி விற்கிறேன். மெஷின் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. சமையலறையிலிருந்தே தெரிகிற மாதிரி கீழே ஒரு விளக்கு வேண்டும், சுமார் 20 மீட்டர் ஒயர் ஆகும். வோல்டேஜ் குறையுமா? பஸ்ஸர் வைக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வோல்டேஜ் பயம் வேண்டாம் அம்மா. வீட்டில் மிச்சம் கிடக்கும் லேன் கேபிளே போதும், எட்டு ஒயர் இருக்கிறது. போக வர 40 மீட்டருக்கு ஏறக்குறைய நாலு ஓம் வரும், மூன்று எல்இடி விளக்கும் சேர்ந்து 60 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் கால் வோல்ட் அளவுதான் குறையும், 24 வோல்ட்டில் அது தெரியவே தெரியாது. கேபிள் மேலிருந்து கீழே வரும் வழியில் வீட்டு மின் ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் நுழைக்காதீர்கள், தனியாகக் கொண்டுவாருங்கள்.

ஆனால் விளக்கு வந்துவிட்டது என்று மாடிக்குப் போவதைக் குறைத்துவிடாதீர்கள். மழுங்கின கட்டர் மரத்தை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் முதலில் கருகல் வாசனை வரும், அப்புறம் தூளுக்குள் கங்கு பிடிக்கும். அந்த நேரம் முழுக்க ஜிஆர்பிஎல் 'ரன்' என்றுதான் சொல்லும், கீழே பச்சைதான் எரியும், ஏனென்றால் மோட்டார்கள் சொன்னபடி நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. கட்டர் உடைந்தாலும் அப்படித்தான், பலகை கிளாம்பிலிருந்து நழுவினாலும் அப்படித்தான். அடுப்பில் பால் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் விட்டுப் போவீர்களோ அவ்வளவு நேரம்தான் இதையும் விடலாம். அறையில் ஒரு புகை அலாரமும், கதவுக்கு வெளியே ஒரு தீயணைப்பானும் வையுங்கள், தூளை ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பஸ்ஸர் வைக்கலாம். அலாரத்துக்கும், இரண்டு நொடி மௌனத்துக்கும் மட்டும் வையுங்கள், வேலை முடிந்ததற்கு ஒரே ஒரு சின்னச் சத்தம் போதும். எல்லாவற்றுக்கும் அது கத்தினால் இரண்டாம் நாளே ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் பலகை எதுவும் வைக்காமல், ஸ்பிண்டிலில் கட்டர் இல்லாமல், மெஷினை ஓடவிட்டு ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: ஹோல்ட் போடுங்கள், லிமிட் சுவிட்சை விரலால் தட்டுங்கள், யுஎஸ்பியைப் பிடுங்குங்கள், காளான் சுவிட்சை அழுத்துங்கள். யாரையாவது கீழே சமையலறையில் நிற்கவைத்து, விளக்கு என்ன சொல்கிறது என்று கத்திச் சொல்லச் சொல்லுங்கள். ஆன் செய்ததும் எல்லா விளக்கும் இரண்டு நொடி சேர்ந்து எரிந்து அணைகிற மாதிரியும் நானோவில் எழுதிக்கொண்டால், ஸ்கூட்டரில் சாவியைத் திருப்பியதும் வருமே அந்த மாதிரி, எந்த விளக்காவது எரியாமல் போயிருந்தால் தினமும் காலையிலேயே தெரிந்துவிடும்.